பந்தயக் காருக்கு ஏற்ற எண்ணெய்

விளக்கெண்ணெயை முகர்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடைக்காரன் பேச்சை நம்பி வாங்குகிறவன் வீட்டில் விளக்கும் புகையும், எஞ்சினும் கருகும். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கிவிடும். ராமதாஸ் தம்பி, நீங்கள் மொழிபெயர்க்கும்போது இதை விட்டுவிடாதீர்கள். இன்ஸ்பெக்டர் துரைக்குக் கார் என்றால் பிரியம் என்று கேள்விப்பட்டேன்.

என் பெயர் பிச்சைமுத்து. டத்தோ கிராமாட்டில் கொட்டைப்பாக்கு வியாபாரம் செய்த மீரா சாகிப் முதலாளியின் டிரைவர். ஓட்டுவது மட்டுமில்லை, கழுவுவது, பிரிப்பது, பூட்டுவது எல்லாம் நான்தான். குடும்பம் போய்வர ஒரு கார் இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொன்று பந்தயக் கார். ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கப்பலேறும்போது முதலாளியின் தலையில் கட்டிவிட்டுப் போனது. முதலாளிக்கு அது வெறும் பகட்டு. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அதில் போய் இறங்கினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அவருக்கு அது போதும். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, துரை. நான் அந்த எஞ்சினை நேசித்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

லாரிக்கும் டாக்சிக்கும் ஊற்றுகிற கம்பெனி எண்ணெய் அதற்கு ஆகாது. வேகமெடுத்து எஞ்சின் கொதிக்கும்போது அந்த எண்ணெய் தண்ணீராக இளகி, இரும்போடு இரும்பு உரச விட்டுவிடும். விளக்கெண்ணெய் எவ்வளவு சூட்டிலும் பிடித்த பிடியை விடாது. ஆனால் அது சுத்தமாக இருக்க வேண்டும். சூலியா தெருக் கடைகளில் ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டுத் திரும்பினேன். எல்லாம் காறல். கடைசியில் நாகப்பட்டினம் கப்பலில் வந்த சரக்கில் ஒரு டின் தேறியது. அதைக் காய்ச்சி, ஈரம் போக்கி, மல்துணியில் வடிகட்டிக் கொட்டகையில் வைத்தேன். பாலிக் புலாவ் மலைச் சாலையில் பந்தயம் நடக்க இருந்தது. முதலாளி ஓட்டுவதாக இருந்தார். என்னைப் பொறுத்தவரை எஞ்சின் ஓடுவதாக இருந்தது.

அந்த வீட்டு மனிதர்களைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. நல்லவர்கள்தான். ஆனால் விளக்கெண்ணெய் என்று ஒன்று வீட்டில் இருந்தால் யாரால் சும்மா இருக்க முடியும்? முதலாளியின் மனைவி மஹ்பூபா அம்மாளுக்கு உடம்புச் சூடு என்றால் உச்சந்தலைக்கு ஒரு கை. யாருக்காவது வயிறு உப்பினால் ஒரு கரண்டி. பக்கத்து வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்கு இடுப்பு வலி என்றால் அங்கே ஒரு கிண்ணம். சமையல்காரி காமாரியா கொட்டகைக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். முதலாளியிடம் முறையிட்டேன். அவர் சிரித்தார்.

"ஏன்டா பிச்சை, கார் குடிக்கிற எண்ணெய வீட்டு மனுசங்க குடிச்சாக் குத்தமா? பூட்டெல்லாம் போடாத, பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க."

சரி என்றேன். நான் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை.

ஒரு நாள் ஒத்திகைக்கு மலையேறினோம். பாதி வழியில் எஞ்சின் இருமியது. கொட்டகைக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே கருகிய அடை, சட்டியடியில் பிடித்த தோசைபோல. எனக்கு அழுகை வந்துவிட்டது. டின்னை முகர்ந்தேன். காமாரியாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கோவிக்காதீங்கண்ணே. எடுத்ததுக்குப் பதிலா நான் தேங்கா எண்ணெய் ஊத்தி வச்சிட்டேன்லா. டின்னு நெறஞ்சுதானே இருக்கு?"

கடன் வாங்கினால் திருப்பி வைக்க வேண்டும் என்று நினைக்கிற நேர்மையான பெண். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நேர்மையானவர்களைத் திருத்த முடியாது என்பது மட்டும் அன்று விளங்கியது.

அதற்கப்புறம் நான் செய்தது சாதாரணமான ஏற்பாடு. மறுபடியும் நல்ல எண்ணெய் தேடிப் பிடித்து, காய்ச்சி வடிகட்டி, பழைய டயர்களுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். எப்போதும் எண்ணெய் இருக்கும் இடத்தில் அதே மாதிரி இன்னொரு டின்னை வைத்தேன். அதில் கடைச்சரக்கு விளக்கெண்ணெயும் எலி மருந்தும் இருந்தன. கொட்டகையில் எலி இருந்தது உண்மை.

எச்சரிக்கை செய்யாமல் விட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. டின்மேல் 'விஷம், தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். தமிழில்தான் எழுதினேன், எனக்குத் தெரிந்தது அதுதான். மஹ்பூபா அம்மாள் தமிழை அரபு எழுத்தில் மட்டும் படிப்பார். காமாரியாவுக்கு மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்து மட்டும். முதலாளி படிப்பார், ஆனால் டின்னைத் தூக்கக் கொட்டகைக்கு வருகிற ஆள் இல்லை அவர். மண்டையோடு போட்டிருக்கலாமே என்பீர்கள். எனக்குப் படம் வரைய வராது.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. வியாழன் காலையில் காமாரியா வந்தாள். நான் காருக்கு அடியில் படுத்திருந்தேன்.

"அண்ணே, முதலாளி பேதிக்கு எடுக்கப் போறாராம். பந்தயத்துக்கு முந்தி வயிறு சுத்தமா இருக்கணுமாம்லா. கொஞ்சம் எண்ணெய் வேணும்."

இந்த இடத்தை நிதானமாகக் கேளுங்கள், துரை. ஏனென்றால் நானும் நிதானமாகத்தான் யோசித்தேன். நல்ல எண்ணெய் எஞ்சினுக்கு மட்டாகத்தான் இருந்தது. அதில் ஒரு கிண்ணம் போனால் மலை உச்சியில் எஞ்சின் வறண்டுவிடும். பேதிக்கு எந்த எண்ணெயானால் என்ன, யாரும் முகர்ந்தா குடிக்கிறார்கள்? காப்பியில் ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு.

"எப்பவும் எடுக்கிற டின்னுதான்" என்றேன். அவள் எடுத்துக்கொண்டு போனாள். நான் திருகாணியை இறுக்கி முடித்தேன்.

பேதிக்கு எடுத்த மனிதருக்கு வயிறு போனால் யார் கவலைப்படுவார்கள்? மதியம் அம்மாள் பின்வாசலில் நின்று திருப்தியாகச் சொன்னார்: "இந்தத் தடவ நல்லாக் கேட்டிருக்கு. அத்தனையும் கழிஞ்சு போகுது." வாந்தி வந்தபோது பித்தம் இறங்குகிறது என்றார்கள். டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். போய் அழைத்து வா என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் வடிகட்டும் வேலையில் இருந்தேன். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் வீட்டுக்குள் அழுகைச் சத்தம் கேட்டது. பந்தயத்தில் கார் ஓட்ட இனி ஆளில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை அந்தப் பக்கம் என் யோசனை போகவே இல்லை.

மறுநாள் ஜும்மாவுக்குப் பிறகு அடக்கினார்கள். உயிர் போன பிறகு வந்து பார்த்த டாக்டர் சந்தேகப்பட்டு உங்களுக்குச் சொல்லியிருந்தார். நீங்கள் வந்தீர்கள், கிண்ணத்தை முகர்ந்தீர்கள், காமாரியாவைக் கூட்டிப் போனீர்கள். அவள் படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே" என்றாள். நான் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லையே. அவள் உங்கள் லாக்கப்பில் இருந்த இத்தனை நாளும் நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ராமதாஸ் தம்பி, நான் பொய் சொல்கிறவன் இல்லை.

அப்படியானால் இன்றைக்கு ஏன் நானாக வந்து நிற்கிறேன் என்று துரை கேட்பது நியாயம். சாட்சிப் பொருள் என்று சொல்லிப் பந்தயக் காரை ஸ்டேஷனுக்கு ஓட்டி வந்தீர்கள். தினமும் சாயங்காலம் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று ஓட்டுகிறீர்கள் என்றும் தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை, எஞ்சின் ஓட வேண்டியதுதான். ஆனால் இன்று காலை உங்கள் கான்ஸ்டபிள் எண்ணெய் குறைந்திருக்கிறது என்று லாரிக்கு ஊற்றுகிற எண்ணெய் டின்னைச் சாய்த்ததை வேலிக்கு வெளியே நின்று கண்ணால் பார்த்தேன். ஓடி வந்து சொன்னேன். டிரைவருக்கு என்ன தெரியும் என்று துரத்திவிட்டான். விளக்கெண்ணெயும் கம்பெனி எண்ணெயும் சேரவே சேராது, துரை. திரிந்து, கட்டிகட்டியாய் எண்ணெய்க் குழாயை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஓட்டினால் எஞ்சின் செத்துவிடும்.

எண்ணெயைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நீங்கள் நம்புவதற்காகத்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. முதலாளியைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். காமாரியாவை இன்றைக்கே விடுவதும் நாளைக்கு விடுவதும் உங்கள் சௌகரியம். அந்த எண்ணெயை மட்டும் இப்போதே இறக்கச் சொல்லிவிடுங்கள். ஒரு உயிர் விஷயம்.