பைக்குள் இருந்த தலை

இந்த வாக்குமூலத்தில் என் பெயரை மேலே எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெயரில் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். எல்லோருக்கும் நான் நெட்டையன். வயது முப்பத்தெட்டு. நகராட்சி இறைச்சிக்கூடத்துக்குப் பின்தெருவில் மனைவி, இரண்டு பெண்களோடு குடியிருக்கிறேன். மாடு அறுத்து உரிப்பது தொழில். நல்ல இறைச்சியை எங்கள் கூடத்து ஆய்வாளரம்மா வேண்டுமென்றே அழித்தார், அவரை வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்று புகார் கொடுத்திருக்கும் கறிக்கடைக்காரர் என் தங்கையின் கணவர்.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய காளையை அறுத்தேன். மினுமினுப்பான மாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் கூடத்தில் மாட்டின் தலை, அறுத்தவனுக்குச் சேரும் என்பதால், வழக்கம்போல் அதைப் பைக்குள் போட்டு ஆணியில் மாட்டினேன். அதன் பிறகு ஆய்வாளரம்மா வந்தார். பணிக்குப் புதியவர், ரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழுவார் என்று நாங்கள் கேலி பேசியிருந்தோம். முன்பிருந்தவர் வாசலில் டீ குடித்தபடியே முத்திரையைக் கொடுத்தனுப்புவார். இவர் நேராக உள்ளே வந்து, "தலை எங்கேங்க?" என்றார்.

"அது என் பங்குங்கம்மா."

"பங்கு உங்களுதுதான். பாக்க வேண்டியது என் வேலை."

அதன் பிறகு தாடைக்கு அடியில், கொழுப்புக்குள் ஒளிந்திருந்த சின்னச் சுரப்பி ஒன்றைப் பிளந்தார். உள்ளே மஞ்சளாக இருந்தது. கத்தி பட்டதும் மணல்போல் நறநறத்தது. காசநோய், மனிதருக்கும் ஒட்டும் என்றார். அதன் பிறகு நுரையீரலிலும் ஈரலிலும் அதையே காட்டினார். இத்தனை வருடம் அதே இடத்தில் கத்தி ஓட்டிய எனக்குப் புல்லரித்துப் போனது.

"இங்கதான் வெட்டணும்னு யாரும்மா சொன்னது?"

"சட்டத்துல இருக்குங்க. நாம பொறக்கறதுக்கு முன்னாடியே எழுதினது. தின்னவங்க செத்த பிறகுதான் ஒவ்வொரு விதியா சேத்தாங்க."

என் பெண்களைப் பார்த்தே இராத யாரோ, அவர்கள் தட்டுக்கு வரவிருந்த தலையில் எங்கே வெட்டிப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு மாப்பிள்ளை வந்து கூச்சல் போட்டார். அம்மா அசையவில்லை. யாரும் எடுத்து விற்காதபடி இறைச்சி முழுவதிலும் நீலச் சாயம் ஊற்றிக் குழியில் புதைக்கவைத்தார். நேற்று மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்து, "மச்சான், கட்டி எதையும் பாக்கலைன்னு சொல்லிடுங்க. உங்க தங்கச்சி வாழ்க்கை" என்றார்.

நான் பார்த்தேன். தாடையில் பார்த்தேன், நுரையீரலில் பார்த்தேன், ஈரலில் பார்த்தேன். அந்த ஈரலைத் தங்கைக்கென்று எடுத்துவைக்கச் சொன்னவர் மாப்பிள்ளைதான். அவளுக்கு இது ஏழாவது மாதம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

இதில் உள்ளது அத்தனையும் நான் கண்ணால் கண்ட உண்மை. படித்துக் காட்டினார்கள், கேட்டேன், சரியாக இருக்கிறது. தங்கையிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
நெட்டையன்