தேவகுமாரி ஜன்னலில் வைத்த தொட்டி

ஜன்னலுக்குத் திரை தைக்க நாகலூரில் நல்ல தையல்காரர் இருக்கிறார் சார். தேவகுமாரி அவரிடம் போகவில்லை. மீன்தொட்டி வாங்கினாள்.

என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி, அவள் கூடத்து ஜன்னல். அதை முழுக்க அடைத்து நாலடித் தொட்டி. அடியில் கூழாங்கல், அதில் நட்ட செடிகள். நாடா போல நீண்ட இலைகள் மூன்றே மாதத்தில் மேலே வந்து மடங்கின. நடுவே நாலைந்து சின்ன மீன்கள். தெருவே வந்து அழகு பார்த்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை. அதற்குப் பின்னால் நடமாடும் ஒரு நிழல்.

எனக்காகத்தான் வைத்தாள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வெங்கடாசலம் ஒரு மழை நாளில் அவள் வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்தார். நான் கதை கட்டவில்லை. மளிகைக் கடையில் நேரத்தை மட்டும்தான் சொன்னேன். அவள் மகள் ஐஸ்வர்யாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன வெள்ளக்கடை ஊர்க்காரர்கள் காதுக்கு அது போய்விட்டது. கல்யாணம் நின்றது. அந்தப் பெண் ஓசூருக்கு வேலைக்குப் போனாள், திரும்பி வரவில்லை.

தேவகுமாரி என் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, எங்க ஊட்டுக்குள்ள என்ன சினிமாவா ஓடுது? டிக்கெட் எடுத்துட்டுத்தான் பாக்கறீங்களா?"

"எனக்கெதுக்குக் கண்ணு உன் ஊட்டு வம்பு? எதுத்தாப்புல இருந்தா கண்ணுல படத்தானே செய்யும்."

மாரியம்மன் கோயிலில் கூட்டிவைத்துப் பேசினார்கள். இனி அவள் வீட்டுக்குள் பார்க்க மாட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். அதன்பிறகுதான் தொட்டி வந்தது. என் சத்தியத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பார்க்கவே வழியில்லாதபோது பார்க்காமல் இருப்பதில் என்ன பெருமை, நீங்களே சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போவதற்காக, அவள் அதை இரண்டு நாள் வேலியோரம் டிரம்மில் பிடித்து வைத்துத்தான் தொட்டியில் ஊற்றுவாள். அந்த டிரம்மில் வாரம் ஒரு படி கல் உப்பு போட்டேன். நாலாம் வாரம் இலைகள் பழுத்துக் கரைந்தன. மீன்கள் மிதந்தன.

"பச்சப்புள்ளையாட்டம் வளத்தேனுங்க" என்று தெருவில் நின்று அழுதாள். "குளுரு சேரலையாட்ட இருக்குது சாமி" என்று நானும் ஆறுதல் சொன்னேன்.

சனிக்கிழமை காலை, புதிதாக நடுவதற்காக அடியில் கிடந்த கூழாங்கல்லை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தாள். ஈரத்தில் ஸ்டூல் சறுக்கியது. தொட்டித் தண்ணீர் கலங்கலாக இருந்தது. அது அடங்க அடங்க, எதிர்ச் சுவரோரம் இடுப்பு ஒடிந்து கிடந்தவளின் முகம் தெரிந்தது. போன் மேசை மேல் இருந்தது. அவளும் என்னைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. ஆனால் 'கலாக்கா' என்பது வாயசைவிலேயே தெரியும்.

யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், உனக்கெப்படித் தெரியும் என்றுதானே முதலில் கேட்பார்கள்? நான் கற்பூரம் அணைத்தவள் சார்.

மறுநாள் பக்கத்து லைன் வீட்டுச் சாந்தாமேரி வந்தாள். "தேவகுமாரியக் காணமே, எங்கீங்க போச்சு?"

"மக ஊட்டுக்குப் போயிருக்குது."

நம்பினாள். அக்கம்பக்கத்து விஷயத்தில் நான் சொல்லி இதுவரை எதுவும் தவறியதில்லை.

ஞாயிறு முழுக்க அவள் வாளியிலிருந்து சிதறிய கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியை நோக்கி எறிந்தாள். ஒன்றிரண்டுதான் கண்ணாடியில் பட்டன. இப்போதும் குடத்துத் தண்ணீர் அசைவு நின்றால் எனக்கு அந்த 'டக்' கேட்கிறது. திங்கள் காலை எறிவது நின்றுபோயிற்று.

உப்புப் போட்டது நான்தான். சாந்தாமேரியிடம் பொய் சொன்னதும் நான்தான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தனியாகக் கிடந்து செத்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசி வரை நான் அவள் கூடவேதான் இருந்தேன்.