இருநூற்றெட்டாம் பக்கத்துக்கு அப்புறம்

பைண்டர்: ...அந்த ஸ்டூல் வேணாம்மா, அதுல பசை கொட்டியிருக்கு. இந்த நாற்காலில உக்காருங்க.

கவுன்ட்டர் அக்கா: உக்கார்றதுக்கெல்லாம் நேரமில்லைங்க. மருந்துக்கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு ஓடி வந்திருக்கேன். லைப்ரேரியன் மேடம்தான் போன் பண்ணி, ‘எங்க பைண்டர் உங்களைப் பாத்தே ஆகணும்னு நிக்கிறாரு, பத்து நிமிஷம் வந்துட்டுப் போங்க’ன்னு...

பைண்டர்: பத்து நிமிஷம்தான். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட இல்ல.

லைப்ரேரியன்: அந்தப் பத்து நிமிஷத்துக்குக் காலைலேருந்து மூணு தடவை மேஜையைத் துடைச்சாச்சு. பதினெட்டு வருஷமா இங்க வேலை பாக்கிறேன், இந்த மேஜை என்ன நிறம்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

பைண்டர்: மேடம், முன் மேஜைக்கு யாரும் புக்கு கேட்டு வரலையா?

லைப்ரேரியன்: வந்தா மணி அடிப்பாங்க. நீங்க பேசுங்க, நான் சுவரு மாதிரி நிக்கிறேன்.

கவுன்ட்டர் அக்கா: ஏதாவது மருந்து வேணுமா? இருமலா? குரல் ஒரு மாதிரி இருக்கே...

பைண்டர்: இருமல் இல்லம்மா. நீங்க... போன்ல புக்கைப் பத்தி எழுதுவீங்கல்ல. அந்தப் பக்கத்தை மூடப் போறீங்களாமே.

கவுன்ட்டர் அக்கா: ஓ. அதுக்கா கூப்பிட்டீங்க. ஆமா, ஞாயித்துக்கிழமையோட மூடிடறேன்னு எழுதிட்டேன். நீங்க அதெல்லாம் பாப்பீங்களா?

லைப்ரேரியன்: பாப்பாரா? ‘கவுன்ட்டர் அக்கா இந்த வாரம் என்ன எழுதியிருக்காங்க’ன்னு திங்கக்கிழமை கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி வந்து நிப்பாரு. நான் போன்ல எடுத்துக் காட்டணும். பெரிசு பண்ணிக் காட்டணும். அப்புறம் அதுல இருக்கிற புக்கைத் தேடிக் கொடுக்கணும். எனக்குச் சம்பளம் ஒண்ணு, வேலை ரெண்டு.

கவுன்ட்டர் அக்கா: கடையில கூட்டம் இல்லாத நேரத்துல ஏதோ பழைய நாவலைப் படிச்சு, மனசுல பட்டதை எழுதினேன். பெரிய படிப்பாளி ஒண்ணும் இல்லைங்க நான். எழுதின வரைக்கும் போதும்.

பைண்டர்: ஒரு பேராசிரியர் உங்களைக் குத்தி எழுதினாரே, அதுக்காகத்தானே?

கவுன்ட்டர் அக்கா: அவர் சரியாத்தானே சொன்னாரு.

பைண்டர்: என்னன்னு சொன்னாரு, திரும்பச் சொல்லுங்க.

கவுன்ட்டர் அக்கா: அதை வேற நான் என் வாயால சொல்லணுமா... ‘அந்த நாவலில் மனைவி வீட்டை விட்டு ஏன் போனாள் என்பதற்கு ஆசிரியர் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறார். அதைப் படிக்காமலே, காரணம் சொல்லாத ஆசிரியரின் மௌனத்தைப் பாராட்டி ஒருவர் கண்ணீர் வடிக்கிறார்.’ அவ்வளவுதான்.

லைப்ரேரியன்: அதுக்குக் கீழ எழுதினவங்கதான் மோசம்.

கவுன்ட்டர் அக்கா: ஆமா. ஒருத்தர் கேக்கிறாரு, ‘இந்த அம்மா கடையில மாத்திரை வாங்கினாலும் நடு அட்டையை விட்டுட்டுத்தான் குடுப்பாங்களா?’ன்னு. தொள்ளாயிரம் பேர் சிரிச்சிருக்காங்க. நேத்து கடைக்கு வந்த ஒரு பையன் மாத்திரையை என் கண்ணு முன்னாடியே எண்ணிப் பாத்தான். பேரு கெட்டுப் போனா மருந்துக்கடை நடத்த முடியுமா?

பைண்டர்: அதுக்குத்தான்மா கூப்பிட்டேன். இதைப் பாருங்க.

கவுன்ட்டர் அக்கா: என்னது... பழுப்புக் காகிதத்துல...

பைண்டர்: பிரிங்க. மெதுவா. ஓரம் உடையும். முதல் பக்கத்துல நம்பரைப் பாருங்க.

கவுன்ட்டர் அக்கா: இருநூத்தி ஒம்பது.

பைண்டர்: கடைசிப் பக்கம் இருநூத்தி இருபத்திநாலு. பதினாறு பக்கம். நாங்க இதை ஒரு ஃபாரம்னு சொல்லுவோம். ஒரு புக்கு கிழிஞ்சு வந்தா, ஃபாரம் ஃபாரமாப் பிரிச்சு, அடுக்கி, தச்சு, அட்டை போடுவோம். நீங்க எடுத்துட்டுப் போனீங்களே அந்த நாவல், அது நான் தச்சது. பதினாலாவது ஃபாரத்தை விட்டுட்டுத் தச்சிருக்கேன். நீங்க படிக்காம விடலைம்மா. நான் வைக்காம விட்டேன்.

கவுன்ட்டர் அக்கா: ...ம்.

பைண்டர்: ‘ம்’னா?

கவுன்ட்டர் அக்கா: ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

பைண்டர்: என்ன சொல்றது, நீங்க என்னைத் திட்டணும். நல்லா நாலு வார்த்தை கேளுங்க. கேட்டுட்டு, இதைப் போட்டோ எடுத்துப் போடுங்க. ‘என்மேல தப்பில்ல, லைப்ரேரி புக்குல பக்கமே இல்ல, பைண்டர் பண்ணின கூத்து இது’ன்னு எழுதுங்க. வேணும்னா என் மூஞ்சியையும் சேத்துப் போடுங்க.

லைப்ரேரியன்: உங்க மூஞ்சியைப் போட்டா அதுக்குத் தனியா தொள்ளாயிரம் பேர் சிரிப்பாங்க.

பைண்டர்: சிரிக்கட்டுமே. எனக்கென்ன கடையா இருக்கு?

கவுன்ட்டர் அக்கா: வேணாங்க.

பைண்டர்: ஏம்மா?

கவுன்ட்டர் அக்கா: வேணாம். உங்க பேரை இழுக்க மாட்டேன்.

பைண்டர்: உள்ளதைத்தானே சொல்லப் போறீங்க. பொய்யா?

கவுன்ட்டர் அக்கா: அது... உங்க வேலைக்கு ஏதாவது வந்துட்டா?

லைப்ரேரியன்: அவர் வேலைக்கு நான்தான் மேலதிகாரி. எனக்கே இன்னைக்குக் காலைலதான் சொன்னாரு. ஒரு மணி நேரம் கோவமா இருந்தேன், அப்புறம் டீ வாங்கிக் குடுத்தாரு. முடிஞ்சுது... இருங்க, மணி அடிக்குது. யாரோ வந்திருக்காங்க. நான் வர்ற வரைக்கும் முக்கியமானது எதையும் பேசிடாதீங்க.

பைண்டர்: ...போயிட்டாங்க. நல்ல மனுஷி. வாய் மட்டும் ஓயாது.

கவுன்ட்டர் அக்கா: ஒண்ணு கேக்கலாமா? இந்தப் பதினாறு பக்கம் உங்களுக்கு எப்போ கிடைச்சுது? இன்னைக்கா?

பைண்டர்: இன்னைக்குன்னு சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். மேடம்கிட்ட அப்படித்தான் சொன்னேன். உங்க முகத்தைப் பாத்துச் சொல்ல வரலை. எட்டு மாசம் ஆகுது.

கவுன்ட்டர் அக்கா: எட்டு மாசமா? நான் அதை எழுதியே எட்டு மாசம்தானே...

பைண்டர்: நீங்க எழுதின மறுவாரம். அட்டைத் தாள் கட்டுக்கு அடியில கிடந்துச்சு. கையில எடுத்ததும் தெரிஞ்சு போச்சு, எந்தப் புக்கோடதுன்னு. வேற எந்த மனுஷனா இருந்தாலும் அன்னைக்கே உங்க கடைக்கு ஓடி வந்திருப்பான். நான் டிராயர்ல வச்சுப் பூட்டிட்டேன்.

கவுன்ட்டர் அக்கா: ஏன்?

பைண்டர்: நீங்க எழுதினது தப்புன்னு ஆயிடக் கூடாதேன்னு.

கவுன்ட்டர் அக்கா: எனக்காகவா?

பைண்டர்: உங்களுக்காகன்னு சொன்னா அதுவும் பொய். எனக்காகத்தான். எனக்கு ஒரு பொண்ணும்மா. அவ அம்மா செத்துப் போனதுக்கப்புறம் நானும் அவளும்தான். அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு நாள் காலைல நான் பல்லு விளக்கிட்டு வர்றேன், மேஜை மேல வீட்டுச் சாவி இருக்கு. அவ இல்ல. சண்டை இல்ல, சச்சரவு இல்ல. வேற ஊர்ல வேலை தேடிக்கிட்டுத் தனியா இருக்கான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

கவுன்ட்டர் அக்கா: போன் பண்ணலையா நீங்க?

பைண்டர்: பண்ணாம இருப்பேனா? மாசம் ஒரு தடவை பண்ணுவேன். அவ எடுப்பா. நான் ‘ஏம்மா போன?’ன்னு கேப்பேன். அவ வச்சிடுவா. அடுத்த மாசம் திரும்பக் கேப்பேன். வேற வார்த்தையே எனக்கு வரலை. காரணம் தெரியாம ஒரு வாய் சோறு இறங்கலைம்மா. நான் என்ன பண்ணினேன், எந்த வார்த்தை சொன்னேன்னு இருந்த இடத்துலேயே சுத்திச் சுத்தி வந்தேன்.

கவுன்ட்டர் அக்கா: ம்.

பைண்டர்: அப்பதான் மேடம் நீங்க எழுதினதைக் காட்டினாங்க. ‘பாருங்க, நீங்க தச்ச புக்கைப் பத்தி எழுதியிருக்காங்க’ன்னு. முப்பது வருஷமா புக்கு தைக்கிறேன், ஒண்ணைக்கூடப் படிச்சதில்ல. உங்க எழுத்தைத்தான் முதல்ல படிச்சேன். மனப்பாடமே ஆயிடுச்சு. ‘அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்குகிறாள். அதோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அவளை வழிமறித்து ஏன் என்று கேட்காத ஒரு எழுத்தாளரை இன்றைக்குத்தான் பார்த்தேன். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.’ சரியா?

கவுன்ட்டர் அக்கா: ...ஒரு வார்த்தை மாறலை.

பைண்டர்: அன்னைக்குச் சாயங்காலம் அவளுக்குப் போன் பண்ணினேன். எடுத்தா. ‘நான் ஒரு புக்கு படிச்சுக்கிட்டிருக்கேன்’னு சொன்னேன். வழக்கம்போல வச்சுடுவாளோன்னு நினைச்சேன். அப்புறம் மெதுவா, ‘என்ன புக்குப்பா?’ன்னா. அஞ்சு வருஷத்துல அவ என்னைக் கேட்ட முதல் கேள்வி அதுதாம்மா.

கவுன்ட்டர் அக்கா: கடவுளே...

பைண்டர்: அதுலேருந்து வாரா வாரம் பேசுறோம். நீங்க ஞாயித்துக்கிழமை ஒரு புக்கைப் பத்தி எழுதுவீங்க. அவ அங்க படிப்பா, நான் இங்க படிப்பேன். செவ்வாக்கிழமை போன். ‘கவுன்ட்டர் அக்கா கதையில வர்ற அந்தக் கிழவனை ரொம்பப் புகழறாங்கப்பா, எனக்கு அவனைப் பிடிக்கவே இல்ல’ம்பா. நான் கிழவன் பக்கம் நிப்பேன். சண்டை போடுவோம். சிரிப்போம். வேற எதைப் பேச ஆரம்பிச்சாலும் எங்கேயாவது போய் அந்தச் சாவியில முட்டிக்குது. உங்க புக்கைப் பத்திப் பேசினா மட்டும் முட்டாமப் போகுது. எங்களுக்குள்ள நடக்கிறதுக்கு இருக்கிற ஒரே வழி அதுதான். அதை நீங்க மூடப் போறேங்கறீங்க.

கவுன்ட்டர் அக்கா: நான் எதை எழுதினாலும் நாலு பேர் லைக் போட்டுட்டுப் போயிடுவாங்கன்னுதான் நினைச்சிருந்தேன்.

பைண்டர்: அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் நாங்க. நேத்து அவ போன்ல அழுதா. ‘அக்கா நிறுத்திடுவாங்களாப்பா?’ன்னு கேட்டா. அதுக்கு மேல இதைப் பூட்டி வச்சிருந்தா நான் மனுஷனே இல்ல. உங்களை ஊரே சிரிக்குது, காரணம் என் டிராயர்ல இருக்கு. மன்னிச்சுக்குங்கம்மா. எட்டு மாசம் உங்களை வச்சு நான் பிழைச்சேன்.

கவுன்ட்டர் அக்கா: ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. கண்ணைத் துடைங்க முதல்ல. பசைக் கையோட துடைக்காதீங்க, இந்தாங்க கைக்குட்டை.

பைண்டர்: நல்லாத்தான் இருக்கேன்.

கவுன்ட்டர் அக்கா: இந்தப் பதினாறு பக்கத்தை நீங்க படிச்சீங்களா?

பைண்டர்: இல்ல.

கவுன்ட்டர் அக்கா: எட்டு மாசம் கைக்கிட்டயே இருந்திருக்கு. ஒரு வரி கூடவா?

பைண்டர்: நம்பரைப் பாத்தேன், மடிச்சேன், சுத்தினேன். படிச்சா கதையில அந்தப் பொண்ணு ஏன் போனான்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சா, அது நியாயமா இல்லையான்னு என் மனசு விசாரணை நடத்த உக்காந்துடும். எனக்கு அந்த வேலை இனிமே வேணாம்.

கவுன்ட்டர் அக்கா: பொண்ணுகிட்ட இன்னும் கேக்கலையா?

பைண்டர்: கேக்கலை. போன வாரம் அவளே, ‘அடுத்த மாசம் ரெண்டு நாள் வரட்டுமாப்பா?’ன்னா. ‘வாம்மா’ன்னேன். அதுக்கு மேல வாயைத் திறக்கலை.

லைப்ரேரியன்: என்ன, நான் வர்றதுக்குள்ள முக்கியமானதெல்லாம் பேசி முடிச்சாச்சு போல. ரெண்டு பேர் மூஞ்சியும் வீங்கியிருக்கு.

பைண்டர்: வெங்காயம் உரிச்சோம். மேடம், நீங்களே சொல்லுங்க இவங்ககிட்ட. நாளைக்கே போட்டோவைப் போட்டா, சிரிச்ச தொள்ளாயிரம் பேரும் வாயை மூடிக்குவாங்க. இருநூத்தெட்டாம் பக்கத்துல முற்றுப்புள்ளி இருக்கு, இருநூத்தி இருபத்தஞ்சுல புது அத்தியாயம் ஆரம்பிக்குது. யாருக்கும் சந்தேகமே வராது. படிக்கிற சுவாரஸ்யத்துல பக்க நம்பரை யாரு பாப்பாங்க? இவங்கமேல என்ன தப்பு?

லைப்ரேரியன்: அதானே. எழுதிடுங்கக்கா. நானே லைப்ரேரி சீலைக் குத்தித் தர்றேன்.

கவுன்ட்டர் அக்கா: பக்கத்தை மூட மாட்டேன். இந்த ஞாயித்துக்கிழமையும் எழுதுவேன். உங்க பொண்ணுகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க.

பைண்டர்: அம்மா... நிஜமாவா? ரொம்ப நன்றிம்மா. ரொம்ப நன்றி. அப்போ என் தப்புன்னு எழுதிடுவீங்கல்ல?

கவுன்ட்டர் அக்கா: எழுத மாட்டேன்.

பைண்டர்: திரும்பவும் அதையே சொல்றீங்களே. நான்தான் மனசாரச் சொல்றேனே, என்மேல பழியைப் போடுங்கன்னு. அப்புறம் என்னதான் எழுதப் போறீங்க?

கவுன்ட்டர் அக்கா: உள்ளதை எழுதப் போறேன். நான் நாள் முழுக்க மாத்திரை அட்டையில பொடி எழுத்துல தேதி பாக்கிறவ. இருநூத்தெட்டுக்கு அடுத்து இருநூத்தி இருபத்தஞ்சுன்னு அன்னைக்கே பாத்துட்டேன். பக்கத்து ஷெல்ஃப்ல இன்னொரு பிரதி முழுசா இருந்துச்சு, கையில எடுத்துட்டுத் திரும்ப வச்சுட்டேன். பதினோரு வருஷம் முன்னாடி நானும் ஒரு வீட்டை விட்டுப் படியிறங்கி வந்தவ. அன்னைலேருந்து அம்மா, அண்ணன், வீட்டுக்காரம்மா, கடைக்கு வர்றவங்க வரைக்கும் ‘ஏன் வந்த?’ன்னு கேக்காத ஆளே இல்ல. நீங்க தச்ச புக்குதாங்க கேக்கலை... அந்த நன்றியை எழுத்தாளருக்குன்னு எழுதினேன், அது உங்களுக்குச் சேர வேண்டியது.