மூன்றாம் பிரஸ் பற்றி ஆறு மனுக்கள்

எனக்குக் கையெழுத்து அழகாக வரும். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், தகட்டை அழுத்தி மூடிகள் செய்யும் கம்பெனியில் எனக்குப் பர்சனல் ஆபீசர் வேலை கிடைத்ததே அதனால்தான் என்பார்கள். தொழிலாளர் குறைகளை மனுவாக வாங்கிப் பதில் எழுதுவது என் பொறுப்பு. வேதசிரோமணி சாரிடம் கொடுத்தால் பதில் கட்டாயம் வரும் என்று ஷெட்டில் பேர். பதினோரு வருடத்தில் பதில் போகாத மனு ஒன்றுகூடக் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா.

2006 ஜூனில் மூன்றாம் பிரஸ் ஆபரேட்டர் ஜெயவேலு வந்தான்.

“சார், பெடலை மிதிக்காமலே பிரஸ் எறங்குது சார். தகடு வைக்கசொல்ல எறங்கிச்சுன்னா கை இன்னா சார் ஆவும்?”

“எழுதிக் கொடுப்பா” என்றேன்.

நான் தாம்பரத்தில் பி.ஏ. சரித்திரம் படித்தவன். நம் தலைவர்கள் வெள்ளைக்காரனுக்கு இருபது வருடம் மனு எழுதினார்கள். அவனும் ஒவ்வொன்றையும் மரியாதையாக வாங்கிக்கொண்டான். மனு வந்துகொண்டிருந்தவரை ஊர் அமைதியாக இருந்தது. நின்ற பிறகுதான் ரகளை. ஆகவே தொழிலாளி எழுதிக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் நல்லது.

ஜெயவேலு எழுதினான். முதல் மனு வெள்ளைத்தாளில் இருந்தது, படிவத்தில் கேட்டேன். இரண்டாவதில் சூப்பர்வைசர் கையெழுத்து இல்லை. சூப்பர்வைசர் தனசேகர் போட மறுக்கிறார் என்றான். அது வேறு குறை, அதற்கு வேறு மனு என்று பொறுமையாக விளக்கினேன். மூன்றிலும் நான்கிலும் தேதி விட்டுப்போயிருந்தது. ஐந்தாவதில் ‘இயந்திறம்’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பினேன். ஆறாவதில் ஒரு பிழை இல்லை. படிக்கவே சந்தோஷமாக இருந்தது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் கொடுத்தேன்.

நான்காம் நாள் பிரஸ் இறங்கியது. வலது கை, மணிக்கட்டோடு.

ஆஸ்பத்திரியில் அவன் மயக்கத்தில் இருந்தான். மனைவி சரசு என்னைப் பார்த்து, “ஆறு தபா எழுதிக் குடுத்தாரே சார், ஒருதபாகூடவா படிக்கல?” என்றாள். படிக்காமலா திருத்தினேன்? எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

அவள் மருந்து வாங்கப் போன சமயம், கொண்டுபோயிருந்த கடிதத்தை எடுத்தேன். பிரஸ் பழுதுபார்க்கப்பட்டது, குறை தீர்ந்தது, மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவன் பேரில் எழுதி முன்தேதி போட்டிருந்தேன். கையெழுத்துப் போட அவனால் முடியாது. நல்லவேளை, ஆண்களுக்கு இடது பெருவிரல் ரேகைதான் செல்லும். ரேகை எடுத்தபின் விரலைத் துடைத்தும் விட்டேன்.

ஆறு மனுவில் கையெழுத்துப் போட்டவன் அந்தக் கடிதத்தில் மட்டும் ஏன் கைநாட்டு வைத்தான் என்று கேட்டீர்கள். நியாயம்தான். என் பதினோரு வருடத்தில் கவனக்குறைவு என்றால் அது ஒன்றுதான்.

ஆபத்து தெரிந்தே சும்மா இருந்தாயா என்கிறீர்கள். ஆறாவது மனு வந்த அன்று முதலாளியின் மருமகன் சுகுமார் ஷெட்டைப் பார்க்க வந்தார். மூன்றாம் பிரஸ் மேல் கை வைக்கப் போனவரை நான்தான் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தேன். “வேணாம் சார், அது தானா எறங்கும்” என்றேன். ஒரு மனிதன் கைக்கு ஆபத்து என்று தெரிந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. என் சுபாவம் அப்படி.