டவர் சத்தம்

மெமரி கார்டின் தங்க நிறப் பக்கத்தை விரலால் தொடக் கூடாது, ஐயா. விரலின் எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் கார்டு படிக்காது. கும்மிடிப்பூண்டி பஜாரில் கடை போட்ட நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். உங்கள் ஏட்டு என் கடையிலிருந்த கார்டுகளை வேர்க்கடலை மாதிரி கைக்குட்டையில் மூட்டை கட்டி எடுத்து வந்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் பெயர் வீரராகவன். பழைய கேமரா போன்களை வாங்கிச் சரிசெய்து விற்பதும், கார்டில் பாட்டு ஏற்றித் தருவதும் என் தொழில். சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, பழைய பாட்டை அழித்துவிட்டுப் புதுப் பாட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள். போனை என் கையில் கொடுத்துவிட்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வீட்டுச் சாவியை யாராவது அப்படிக் கொடுப்பார்களா?

நான் விற்ற போன்களில் ஒரு மென்பொருள் போட்டிருந்தேன். அதை மறுக்கவில்லை. யாரோடு பேசினாலும் பேச்சைப் பதிவு செய்து, பேசியவரின் எண்ணையே பெயராக வைத்து, கார்டில் சேர்த்துவிடும். பாட்டு ஏற்ற வரும்போது அந்தப் பதிவுகளை என் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்வேன். நான் யாரையும் தேடிப் போனதில்லை. அவர்களாகவேதான் கொண்டுவந்து கொடுத்தார்கள். யாரையும் மிரட்டியதில்லை. பெண்களின் படங்களைத் திறந்துகூடப் பார்த்ததில்லை, நான் அந்த மாதிரி ஆள் கிடையாது. வெறுமனே கேட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேசினால் நாம் என்ன, காதைப் பொத்திக்கொள்கிறோமா?

ஒரே ஒரு குறை. பதிவாகும்போது போன் இடையிடையே கொய்ங் என்று சத்தம் போடும். அதை நிறுத்தும் வழி எனக்குத் தெரியவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் டவர் சத்தம் என்றேன். ஊரே நம்பியது.

என்னிடம் போன் வாங்கிய ஆரோக்கியமேரியும் கேட்டாள். பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை அவளுக்கு. ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து நேராக என் கடைக்கு வருவாள்.

“இன்னாண்ணா, பேசிக்கினு இருக்க சொல்லோ உள்ள கொய்ங் கொய்ங்னு கத்துது?”

“டவரும்மா. இங்க இருக்கிற புகைக்கு அப்படித்தான் கேக்கும்.”

“என் நேரம், போனுக்குக்கூட மூச்சு வாங்குது” என்று சிரித்தாள்.

அவளுடைய புருஷன் ஜெயராஜ், காக்களூரில் லேத் பட்டறையில் இருப்பவன். அவன் அடி தாங்காமல் ஓடிவந்து, கூட வேலை செய்கிற கன்னியம்மாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தாள். வள்ளூரில் இருக்கும் அக்காவோடு தினமும் பேசுவாள். மீன் என்ன விலை, சூப்பர்வைசர் எப்படி முறைத்தான், கடைவாய்ப் பல் எப்படி வலிக்கிறது, இதெல்லாம்தான் பேச்சு. நான் தனி ஆள், ஐயா. மதியச் சோற்றை அவள் பேச்சோடுதான் சாப்பிட்டேன். ஒரு ஞாயிறு அவளைப் பார்த்ததும் பல்வலி தேவலையா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜெயராஜ் எப்படியோ அவள் எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டுவிட்டான். அன்றைக்கே ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“அண்ணா, நம்பர மாத்திக் குடுண்ணா. யாராண்டயும் சொல்லிடாத.”

நான் யாரிடமம்மா சொல்லப் போகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அக்கா பேசிய ஒரு பதிவைக் கேட்டேன். திருப்பூரில் வேலைக்குச் சொல்லிவைத்தாயிற்று, சம்பளம் வந்ததும் கிளம்பிவிடு என்றாள். “அந்தக் கத்துற போன தூக்கிக் கடாசு. நான் புதுசா வாங்கித் தரேன்.” ஆரோக்கியமேரி சரிக்கா, சரிக்கா என்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு நாள் கூடவே இருந்தவனுக்கு வலிக்காதா?

முன்பின் தெரியாத ஊரில் ஒரு பெண் தனியாக என்ன செய்வாள் என்று யோசித்தேன். புருஷன் பெண்டாட்டி நேருக்கு நேர் பேசினால் தீர்ந்துவிடும் என்று பட்டது. ஜெயராஜ் அவளைக் கூப்பிட்ட பதிவுக்கு அவன் எண்தான் பெயராகவே இருந்ததே. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருக்கும் ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிட்டு, கம்பெனி பஸ் அவளை எங்கே இறக்கிவிடும் என்று சொன்னேன்.

“யாருய்யா நீ?” என்றான்.

“நல்லது நினைக்கிறவன்” என்றேன்.

அவன் முன்பு அவளிடம் பேசிய பதிவைக் கேட்டாயா என்றுதான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கேட்டிருந்தேன். “நீ எங்க கீறன்னு மட்டும் தெரியட்டும், அன்னிக்கே கழுத்த அறுத்துப் போட்டுடறேன்” என்று சொல்லியிருந்தான். கோபத்தில் எல்லோரும் பேசுவதுதானே. அதை நான் பலமுறை போட்டுக் கேட்டேன். அவனுக்காக இல்லை. அவள் அதற்குப் பதிலே சொல்லவில்லை, ஐயா. மூச்சு மட்டும் கேட்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள் என்கிறீர்கள். அப்படியென்றால் அவன் வந்தது, வெட்டியது எல்லாம் பதிவாகியிருக்கும். அந்த போன் உங்கள் மேஜை டிராயரில் இருக்கிறது. உங்கள் ஆட்களுக்கு அதைத் திறக்கத் தெரியாது, கார்டைக் கெடுத்துவிடுவார்கள். நான் எடுத்துத் தருகிறேன். அவன் எப்படியும் அவளைக் கொல்வான் என்று தெரிந்துதான் இடத்தைச் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பதிலுக்கு, நான் அதைக் கேட்க ஒரு ஹெட்போன் மட்டும் வாங்கிவரச் சொல்லுங்கள். ஒரு பெண் தன் அக்காவோடு தனியாகப் பேசியதை இத்தனை பேர் நடுவில் சத்தமாகப் போடுவது மரியாதை இல்லை.