நெல் தொட்டி

காபி வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு வயிற்றில் புளிப்பு. மோர் இருந்தால் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

என் பெயர் வீரபத்திரன். உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே விளைகிற நெல்லில் பாதி என் மில்லில்தான் அவிகிறது. நெல்லை அவிப்பது சுலபம். ஆட்களை வைத்து வேலை வாங்குவதுதான் இப்போது கஷ்டம். ஓர் ஆள் விடாமல் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டால் அவனை நினைத்தபடி நிறுத்தச் சட்டம் விடுவதில்லை. அதற்கு என் அப்பாவே ஒரு வழி வைத்திருந்தார். வருஷம் முடியும் முன் எல்லோரையும் நிறுத்திவிடுவோம். கொஞ்ச நாள் கழித்து அவர்களே வேறு பெயரில் வந்து சேர்ந்துகொள்வார்கள். முனியன் அடுத்த வருஷம் மாரி. பவளம் அடுத்த வருஷம் பச்சையம்மா. யாரும் முணுமுணுத்ததில்லை. சிலர் புதுப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள்கூட.

கன்னியப்பன் பாய்லருக்கு உமி தள்ளுகிறவன். நல்ல வேலைக்காரன், அதை நான் மறைக்கவில்லை. ஒரு வருஷம் மேஸ்திரி பாண்டுரங்கன் அவனிடம் புதுப் பெயர் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

“பயைய பேரே போடுங்க மேஸ்திரி,” என்றான். “எங்க நைனா வச்ச பேரு. அத்த மாத்திக்கினு வூட்டுக்குப் போனா எம் புள்ளைங்க என்னை இன்னான்னு கூப்புடும்?”

வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவன் சங்கத்துக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்குப் போய் லேபர் கோர்ட்டில் வழக்குப் போட்டான். அவன் மனைவி மங்கம்மா எங்கள் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். அவளை நான் நிறுத்தவில்லை. வேறு முதலாளியாக இருந்தால் நிறுத்தியிருப்பான்.

தீர்ப்பு அவன் பக்கம் வந்தது. பழைய பெயரிலேயே மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும். காஞ்சிபுரத்து வக்கீல், “எடுத்துத்தான் ஆகணும். ஆனா எந்த வேலை குடுக்கறதுன்றது உங்க இஷ்டம்,” என்றார். அன்று சாயங்காலமே முனியன் மேஸ்திரியிடம் போய், தன்னையும் இனி முனியன் என்றே எழுதச் சொன்னான். ஒருவனை விட்டால் எத்தனை பேர் கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மில்லுக்குப் பின்னால் நெல் ஊறவைக்கிற பழைய தொட்டி ஒன்று உண்டு. தரைக்குக் கீழே கிணறு மாதிரி ஆழம். புதுத் தொட்டி கட்டிய பிறகு அதைப் பலகை போட்டு மூடிவிட்டோம். அடியில் நெல்லும் தண்ணீரும் கிடந்து அழுகிப்போயிருந்தன.

கன்னியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பஸ் ஸ்டாண்டில் யாரோ போட்ட மாலை கையில் இருந்தது. களத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

“வணக்கம் மொதலாளி. கன்னியப்பன் வந்துட்டேன்,” என்றான். பெயரைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னான்.

பழைய தொட்டியைச் சுத்தம் செய்யச் சொன்னேன். பலகையை எடுத்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“நாத்தம் பேஜாரா கீது மொதலாளி. ரெண்டு நாளு தொறந்து போட்டுட்டு எறங்கறேனே.”

“வந்த அன்னிக்கே வேலை செய்ய மறுத்துட்டான்னு எழுதிக்கட்டுமா?” என்று கேட்டேன். வேலை செய்ய மறுத்தால் நிறுத்தலாம். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் இறங்கினான். சட்டையைக் கழற்றி மங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏணியில் கால் வைத்தான். கொஞ்ச நேரம் ஏணி ஆடியது. பிறகு ஆடவில்லை.

பாண்டுரங்கன் குனிந்து பார்த்தான். “ஆளு வியுந்து கெடக்கிறான் ஐயா. நான் எறங்கட்டுமா?”

அவன் என் அப்பா காலத்து ஆள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியவன். இறங்காதே என்ற சொல் எனக்கு வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால், உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். நான் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் பதிலுக்காகக் காத்திருந்தான். பிறகு இறங்கிவிட்டான்.

அடுத்து மங்கம்மா ஓடிவந்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தியது நான்தான். அதற்குள் உள்ளே ஆபத்து என்பது எல்லோருக்குமே தெரிந்திருந்தது. விடாமல் பிடித்துக்கொண்டேன், என் கையைக் கடித்துவிட்டாள். பாருங்கள், தழும்பு இருக்கிறது. களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இதற்குச் சாட்சி.

இருவரையும் கொக்கி போட்டுத்தான் எடுத்தோம். விபத்து என்று உங்கள் ஸ்டேஷனிலேயே எழுதி முடித்தீர்கள். நானும் அதோடு விட்டிருப்பேன். ஆனால் நேற்று தொழிற்சாலை ஆய்வாளர் வந்து, இது நிர்வாகத்தின் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார். என் ஆட்கள் காதில் விழும்படி சொன்னார். அந்தப் பழியை நான் ஏற்க மாட்டேன். அதற்காகத்தான் நானே வந்தேன்.

கன்னியப்பன் வருவதற்கு முந்தின நாள், ஆட்கள் சாப்பிடப் போயிருந்தபோது, நானே ஒரு பலகையை நகர்த்தி, கோழி ஒன்றைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டி உள்ளே இறக்கினேன். மேலே இழுத்தபோது அது செத்திருந்தது. பலகையைப் பழையபடி போட்டு, மேலே ஈரச் சாக்கும் விரித்து மூடினேன். எதையும் பார்க்காமல் ஓர் ஆளை உள்ளே அனுப்புகிற முதலாளி நான் இல்லை, ஐயா.