பொய் விசிறி

கதையில் மணி மத்தியானம் மூன்று. ஆமாம், மத்தியானம்தான். பேய் என்றால் ராத்திரி ஷிப்டில் மட்டும்தான் வேலைக்கு வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். அந்த போன் வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள், சார்ஜ் மிச்சமாகும். கரண்ட் வருகிறவரை சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய ரோடு. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கிற கிடங்குகள். ஈ காக்கை இல்லை. அந்த ரோட்டில் ஒரு லோடு வண்டி வருகிறது. பின்னால் நான்கு பீப்பாய்கள். பள்ளம் வரும்போதெல்லாம்... களக்... களக். எண்ணெய் அலம்பினால் அப்படித்தான் கேட்கும், அதில் ஒன்றுமில்லை. ஆனால் வண்டி நின்று, இன்ஜின் அணைந்து, டிரைவர் இறங்கிய பிறகும் ஒரு தடவை கேட்டதாம். களக்.

வண்டியில் வந்தவர் என் சிநேகிதியின் அண்ணன். சிநேகிதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் பல் டாக்டரிடம் உதவிக்கு இருப்பவள். நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் விளக்கடித்துக்கொண்டு நிற்பவள். சீழ், ரத்தம், வருஷக்கணக்காகத் துலக்காத பல்... எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து அப்படியே சாப்பிடுவாள். அப்பேர்ப்பட்டவள் போன மாதம் காலில் செருப்புக்கூட இல்லாமல் என் வீட்டுக்கு ஓடிவந்தாள், இதை என்னிடம் சொல்ல ஆரம்பித்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

அண்ணனுக்குத் தெருவில் "காயின்" என்று பெயர். பிட்காயின் என்கிறார்களே, அந்த மாதிரி இன்டர்நெட்டில் காயின் தோண்டுகிற மெஷின் வைத்திருந்தார். பார்க்கச் செருப்புப் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே வரிசை வரிசையாகச் சிப்பு. ராப்பகலாக ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். எப்போதாவது காசு கொட்டும், எப்போதும் சூடு கொட்டும். அந்தச் சூட்டை வெளியே தள்ள இரண்டு பக்கமும் விசிறி. அது போடுகிற இரைச்சலில், பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று கத்துவதுகூடக் கேட்காது. கேட்காததால்தான் பாவம் அவர் ரொம்ப நாள் கத்தினார்.

அந்தச் சமயத்தில்தான் காயினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குறை மாதம். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தூங்கும்போது திடீரென்று மூச்சு நின்றுவிடும்... பெற்றவளுக்கு உயிர் போய்த் திரும்புவதற்குள் மறுபடி வரும். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் சொல்லிவிட்டார், "ரூம் எப்பவும் சூடா இருக்கணும். மூச்சைப் பார்த்துக்கிட்டே இருங்க." அப்போது குளிர்காலம் வேறு. மலை ஊர், குழாயில் தண்ணீரே உறைகிற குளிர். அண்ணி தூங்குவதை விட்டுவிட்டாள். குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு நல்ல ஹீட்டர் வாங்கியிருப்பார்கள். காயின் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். அவருக்கு வேறு யோசனை. மெஷினை ஒரு எண்ணெய்த் தொட்டிக்குள் மூழ்கடித்துவிட்டால் விசிறி வேண்டாம், இரைச்சல் இல்லை. எண்ணெயில் கரண்ட் பாயாது, மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். அந்தச் சூடான எண்ணெயைப் பம்ப் வைத்துக் குழாய் வழியாகப் படுக்கையறைச் சுவருக்குக் கொண்டுபோனால் குழந்தைக்கும் கதகதப்பு. "ஒரே கரண்ட், ரெண்டு வேலை" என்று எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டாராம்.

புது எண்ணெய் விலையைக் கேட்டு வாயைப் பிளந்தார். நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரர் பெரிய பெரிய டிரான்ஸ்பார்மர்களை வாங்கி உடைக்கிறவர். ஆள் உள்ளே இறங்கி வேலை பார்க்கிற அளவுக்குப் பெரிசு. அதற்குள் இருந்த எண்ணெயைத் தண்ணீர் விலைக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்.

"எண்ணெய்க்கு மட்டும்தான் காசு வாங்கியிருக்கேன். மத்ததை நீங்கதான் வடிகட்டிக்கணும்."

தூசி துரும்பைச் சொல்கிறார் என்று காயின் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

படுக்கையறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே இரும்புத் தொட்டி, பம்ப், வடிகட்டி, குழாய் எல்லாவற்றையும் அவரே பொருத்தினார். மெஷினின் விசிறிகளைக் கழற்றிப் போட்டார். இங்கேதான் ஒரு சிக்கல், கவனமாகக் கேளுங்கள். விசிறி சுற்றவில்லை என்று தெரிந்தால் இந்த மெஷின் ஓடாது. வெந்துபோய்விடுவோம் என்று பயந்து தானே அணைந்துவிடும். அதை ஏமாற்ற ஒரு குட்டிப் பிளக் விற்கிறார்கள். விசிறி இருந்த இடத்தில் செருகிவிட்டால், "விசிறி சுற்றுகிறது... சுற்றுகிறது..." என்று மெஷினிடம் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். காயின் அதைப் "பொய் விசிறி" என்பார்.

மெஷினை எண்ணெய்க்குள் இறக்கினார். சுவிட்சைப் போட்டார். ஓடியது. சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் படுக்கையறைச் சுவர் கையை வைத்தால் சுடுகிற அளவுக்கு வந்துவிட்டது. குழந்தைக்கு மூச்சு சீரானது. பிள்ளை பெற்ற நாளிலிருந்து அன்றைக்குத்தான் அண்ணி கண்ணை மூடினாள்.

சிநேகிதி உதவிக்குப் போனது அதற்கு அடுத்த வாரம். வாசலிலேயே நாற்றம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் நாற்றம், அதற்கு அடியில் இன்னொன்று... "சொத்தைப் பல்லைப் பிடுங்கினதும் பொந்துக்குள்ளேர்ந்து ஒண்ணு அடிக்கும் பாரு, அது" என்றாள். வீட்டில் எதைத் தொட்டாலும் பிசுபிசுப்பு. கதவுப் பிடி, டம்ளர், தலையணை எல்லாம். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பச்சைக் குழந்தையின் உச்சந்தலையில் பால் வாசனை அடிக்க வேண்டும். இதற்கு அந்தப் பொந்து நாற்றம் அடித்தது.

அண்ணி ஒரு வெள்ளைத் துணியால் குழந்தையின் கழுத்து மடிப்பைத் துடைத்தாள். துணி பழுப்பானது. மடித்து மறுபடி துடைத்தாள். மறுபடி பழுப்பு.

"சுவத்துல எங்கயாவது ஒழுகுதா அண்ணி?"

"இல்லம்மா, பார்த்துட்டேன். இது இவளுக்கு உள்ளேர்ந்து வருது."

சொல்லும்போது அண்ணி அலட்டிக்கொள்ளவே இல்லையாம். குழந்தைக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது. அவளுக்கு அது போதும்.

மறுநாள் காலையில் காயின் வடிகட்டியைத் திறந்தார். சிநேகிதி வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். துணியில் முதலில் கறுப்புச் சேறு. அப்புறம்... முடி. கொத்தாக. நரைத்தது. அப்புறம், ஆறின பாலில் படிகிற ஏடு மாதிரி வெள்ளையாக ஏதோ. காயின் அதை விரலால் வழித்து எடுத்தார். ஏட்டின் ஓரத்தில் ஒரு நகம் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகம்.

இவள் அந்த வாளியிலேயே வாந்தி எடுத்தாள். அவர் என்ன செய்தார் தெரியுமா? துணியை உதறினார். வாளியைக் கொண்டுபோய்க் கழிப்பறையில் கொட்டினார். கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, "பழைய எண்ணெய்னா கொஞ்சம் குப்பை இருக்கத்தான் செய்யும்" என்றார். குப்பையாம், குப்பை! அதே விரலால் போய்க் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினார். எனக்குப் பேயைவிட அந்த விரல்தான் பயம்.

அன்று மத்தியானம். மெஷினின் நிலவரமெல்லாம் காயினின் போனில் தெரியும். எவ்வளவு சூடு, விசிறி என்ன வேகம் என்று. பொய் விசிறி எப்போதும் ஒரே எண்ணைத்தான் காட்டும், பொய்க்கு ஏது ஏற்ற இறக்கம்? ஆனால் அன்று அந்த எண் ஏறியது... இறங்கியது... ஏறியது... இறங்கியது. "பிளக் வீணாப்போச்சு போல" என்று முணுமுணுத்துக்கொண்டே தங்கையிடம் காட்டினார். அவள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் போனைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். எண் ஏறும்போது குழந்தையின் நெஞ்சு ஏறியது. எண் இறங்கும்போது நெஞ்சு இறங்கியது.

"அண்ணா... அந்தப் பிளக்கை மாத்திடு. இப்பவே மாத்து."

மெஷினைத் தூக்கிப் பார்க்க ஸ்க்ரூ டிரைவர் எடுக்கலாம் என்று மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னக் கவர். ஒட்டு பிரிக்கவே இல்லை. கவருக்குள் இரண்டு பொய் விசிறிகள். அவர் வாங்கியதே அந்த இரண்டுதான். தொட்டி கட்டிய அவசரத்தில் செருக மறந்திருக்கிறார்.

அப்படியென்றால் மெஷினில் எதுவுமே இல்லை. இத்தனை நாளாக எண்ணெய்க்குள் இருந்துகொண்டு அதனிடம் "சுற்றுகிறது... சுற்றுகிறது..." என்று சொன்னது யார்?

காயின் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தார். தொட்டிக்குள்ளிருந்து ஒரே ஒரு குமிழி... பளக். அதே நொடி, மடியில் இருந்த குழந்தை விறைத்தது. உதடு நீலம் பாய்ந்தது. நெஞ்சு அசையவில்லை. அண்ணி அடுப்படியிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"போடுங்க! ஐயோ, அதைப் போடுங்க!"

போட்டார். எண்ணெய்க்குள் யாரோ மூச்சை நீளமாக இழுத்து விடுகிற சத்தம். குழந்தை வீரிட்டு அழுதது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? குழந்தையை அள்ளி அப்படியே நெஞ்சோடு இறுக்கியிருப்பீர்கள். காயின் மறுபடியும் அணைத்தார். தற்செயலா என்று "செக்" பண்ணிப் பார்த்தாராம்! பெற்ற குழந்தை நீலமாகிறது, இந்த ஆள் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார். போட்டார். திரும்பவும் அணைக்கப் போனார். அண்ணி பாய்ந்து அவர் கையைக் கடித்துவிட்டாள். கடித்த வாயைப் புறங்கையால் துடைத்தாள். அதில் ரத்தத்தைவிட எண்ணெய்தான் அதிகமாக இருந்தது.

சீ! இவ்வளவு நேரம் அந்த ஆளுக்கு மரியாதை கொடுத்துப் பேசியதே தப்பு. இனிமேல் அவன்தான்.

அதற்குப் பிறகு அந்த மெஷின் அணையவே இல்லை. இரண்டு ஜெனரேட்டர் வாங்கி வைத்திருக்கிறான். இத்தனை வருஷத்தில் மெஷின் பழசாகிவிட்டது, அது தோண்டுகிற காசு கரண்ட் பில்லுக்கே காணாது. இருந்தாலும் ஓடுகிறது. டாக்டரிடம் காட்டினார்கள். குழந்தை நன்றாக இருக்கிறாள், மூச்சு கணக்காக இருக்கிறது, கடிகாரம் மாதிரி இருக்கிறது என்று அவர் ஆச்சரியப்பட்டாராம்.

போன மாதம் சிநேகிதி மறுபடி அங்கே போனாள். வேண்டாம் என்றுதான் இருந்தாள், ஆனால் அண்ணன் பெண் "அத்தை, அத்தை" என்று போனில் அழுதாள். பாசம், என்ன செய்வது? உள்ளே போனதும் பெண் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கொழுகொழுவென்று இருக்கிறாள். கட்டிக்கொண்ட இடத்தில் இவள் சட்டையில் கறை. அண்ணி மறுபடி முழுகாமல் இருக்கிறாள். வயிற்றைத் தடவிக்கொண்டே, "இதுவும் குறை மாசத்துல வந்துடுமோன்னு பயமா இருக்கு" என்றாள்.

காயின் சிரித்தான். தங்கையைப் பின்னறைக்குக் கூட்டிப்போனான். பழைய தொட்டிக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு தொட்டி. பளபளவென்று. நீளமாக. இவ்வளவு நீளத்துக்கு என்ன மெஷின் இருக்கிறது என்று இவளுக்குப் புரியவில்லை. எட்டிப் பார்த்தாள். விளிம்புவரை எண்ணெய், தண்ணீர் மாதிரி தெளிவாக. நாற்றமே இல்லை. அடியில் இருக்கிற வெல்டிங் கோடுகூடத் தெரிந்தது.

"இரும்புக் கடையை மூடிட்டாங்க. அதான் இந்தத் தடவை புது எண்ணெயே வாங்கிட்டேன்" என்றான். பிறகு மோவாயைச் சொறிந்துகொண்டு, "ஆனா பாரு... இதுல யாருமே இல்லையே" என்றான்.

இவள் தொட்டியை விட்டு விலகினாள். திரும்பினாள். படுக்கையறையைத் தாண்டினாள், கூடத்தைத் தாண்டினாள், பின்னால் அவன் செருப்புச் சத்தம் அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வந்து குனிந்தாள். அவிழ்த்துப் போட்ட இடத்தில் அவள் செருப்பு இல்லை.

அண்ணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு இரண்டையும் மடியில் வைத்திருந்தாள். ரொம்ப அன்பாகத்தான் சொன்னாளாம்.

"நாலு நாள் இருந்துட்டுப் போயேம்மா."